லாரி டிரைவர்கள் படித்த பூனை மேப்

போன மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாமக்கல் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு லாரி டிரைவர்கள், ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லை.

எட்டிப் பார்த்தேன்.

எங்கள் மேப்!

சிவப்புப் புள்ளிகள், பச்சைப் புள்ளிகள், மூலையில் சுமதி வரைந்த பூனைத் தலை... சந்தேகமே இல்லை. நாங்கள் ஆரம்பித்த அறக்கட்டளையின் பூனை மேப்தான். ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்குச் சொந்தபந்தம் இல்லாத யாரோ இரண்டு பேர் அதைத் திறந்து பார்ப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். லாரி டிரைவர்களுக்குள் இவ்வளவு ஜீவகாருண்யமா?

"நெம்ப உபயோகமா இருக்குதுங்ணா இது," என்றார் இளையவர். "யாரு போட்டாங்களோ, அவங்க மகராசனா இருக்கோணும்."

மகராசன் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. வழக்கம்போல அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டது.

மூத்தவர் பாடம் எடுத்தார் – "செட்டுல இருந்து வண்டி எடுக்கறப்ப இதப் பாத்துக்கோணும். சிகப்பு இருந்தா அங்க பூனை இருக்குதுன்னு அர்த்தம். அந்தப் பக்கமே போவாத. பச்சைன்னா கிளியரு. தைரியமா எடு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

லாரித் தொழில் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செட்டு என்கிற லாரி நிறுத்தும் இடத்திலிருந்து புது நடைக்கு, அதாவது புது லோடுக்கு, வண்டி கிளம்பும்போது சூடம் காட்டி, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு எடுப்பார்கள். பழம் நசுங்கிய பிறகு பூனை குறுக்கே போய்விட்டால் போச்சு. இன்ஜினை நிறுத்தி, இறங்கி, தண்ணீர் குடித்து, இன்னொரு பழம். சில டிரைவர்கள் அன்றைக்கு வண்டியையே எடுக்க மாட்டார்கள்.

ஆக, பூனைகளைக் காப்பாற்ற நாங்கள் போட்ட மேப்பை, பூனைகளிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ள இவர்கள் வைத்திருக்கிறார்கள்!

அதையும் தப்பாகப் படிக்கிறார்கள். எங்கள் மேப்பில் சிவப்பு என்றால், கருத்தடை ஆபரேஷன் இன்னும் செய்யாத பூனைகள். பச்சை என்றால், செய்து முடித்த பூனைகள். பூனை இரண்டு இடத்திலும் உண்டு. இவர்களோ அதை ரோட்டு சிக்னல் மாதிரிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருத்தியிருக்க வேண்டும். "அப்படி இல்லீங்க தம்பி" என்று ஆரம்பித்து நாலு வார்த்தை. அவ்வளவுதான் வேலை. நான் டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

அந்த நாலு வார்த்தையைச் சொல்லாததற்கு எத்தனை வார்த்தை பேச வேண்டி வந்தது என்று கேளுங்கள்.

பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு – நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபத்தைந்து வருடமாக முட்டை வண்டி ஓட்டுகிறேன். கோழிப்பண்ணையில் ஏற்றி, ராசிபுரம் வழியாகச் சேலம் அம்மாபேட்டை வரை கடைகடையாக இறக்குவது வேலை. எவ்வளவு பதமாக ஓட்டினாலும் ஒவ்வொரு லோடிலும் சில முட்டைகள் கீறிவிடும். கீறல் முட்டையைக் கடைக்காரர் வாங்க மாட்டார். பூனை வாங்கிக்கொள்ளும். போகிற இடத்தில் எல்லாம் ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி வைத்துவிட்டு வருவேன். பூனையிடம் எனக்குப் பிடித்த குணம் – சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். 'அப்புறம், ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?' என்று கேட்காது.

சுமதி, நாமக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது. நான் பேசாததையும் சேர்த்துப் பேசுபவர். அடிபட்ட பூனைகளை எடுத்து வைத்தியம் பார்க்கும் நாலைந்து பெண்கள் அந்தக் கடையில்தான் கூடுவார்கள். ஒருநாள் லைசென்ஸ் நகல் எடுக்கப் போனேன். சுமதி மெஷினைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் மதியம் யாரோ போன் செய்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் பக்கம், வேப்பமரத்தடியில், பூனை அடிபட்டுக் கிடக்கிறது என்று. அந்தப் பகுதியில் மாரியம்மன் கோயில் மூன்று. மூன்றிலும் வேப்பமரம். மூன்றாவது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூனை உயிரோடு இல்லை.

"ஏனுங்ணா, நீங்க தெனமும் சந்து சந்தா சுத்தறீங்க. பூனையெல்லாம் எங்கெங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஆனால் சொல்ல அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் நான் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை. கிடந்த வேஸ்ட் பேப்பரைத் திருப்பிப் போட்டு, வரைந்தேன். இந்தத் தீவன மில்லுக்குப் பின்னால், இந்தச் சாக்கடைப் பாலத்துக்கு அடியில், இந்த மளிகைக் கடை மாடிப்படியில்... எங்கெல்லாம் முட்டை வைப்பேனோ அங்கெல்லாம் ஒரு சுழி. ஒரு தாள் போதவில்லை. நாலு தாளை ஒட்டினோம்.

சுமதி தள்ளி நின்று பார்த்தார். "அண்ணா... இது மேப்புங்ணா!"

"வழி போட்டனுங்க," என்றேன்.

அதைத்தான் சுமதி கம்ப்யூட்டரில் ஏற்றி, போனில் யாரும் பார்க்கிற மாதிரி ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்காக ஆபரேஷன் செய்ய ஒரு டாக்டர் அம்மா ஒத்துக்கொண்டார். எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்று அறக்கட்டளை பதிவு செய்யப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் பத்திரத்தை இரண்டு முறை படித்தார்.

"பூனைக்கு மேப்பா? ஏனுங்க, பூனை வழி தெரியாம நிக்குதா?"

"பூனைக்குத் தெரியுமுங்க. நமக்குத்தான் தெரியாது," என்றார் சுமதி.

"செரி, தலைவர் யாரு?"

சுமதி என்னைக் காட்டினார்.

"ஐயா, நோக்கத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க."

நான் கூரையைப் பார்த்தேன்.

"அவரு வரைவாருங்க," என்றார் சுமதி.

மேப் நன்றாகவே வேலை செய்தது. அடிபட்ட பூனை என்று போன் வந்தால் கோயில் கோயிலாகச் சுற்ற வேண்டியதில்லை. நேராகப் போய் எடுத்தோம். ஆனால் ஒரு உண்மையை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஜீவகாருண்யம் எல்லாம் அப்புறம்தான். மேப் எனக்குப் பிடித்துப்போன காரணம் வேறு – அது இருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அங்கேதான் தப்பு செய்தேன்.

ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் விவரம் வரும். எத்தனை பூனை, யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று. சாப்பாடு போடுபவர்களின் பெயரையும் வீட்டு நம்பரையும் போட வேண்டும் என்பது என் யோசனை. பாவம், யாரும் கண்டுகொள்ளாத மனிதர்கள், அவர்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டுமே! மரியாதை செய்வதாக நினைத்தேன். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போட்டேனா?

கேட்டால் பேச வேண்டுமே!

அப்படிப் போட்ட பெயர்களில் ஒன்று, சரஸ்வதி அக்கா. அது அவர் பெயர் இல்லை, மாற்றியிருக்கிறேன். ஒரு லாரி செட்டுக்குப் பின்னால், அந்தச் செட்டு ஓனருக்குச் சொந்தமான லைன் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறார். நைட்டி தைத்துக் கொடுப்பது தொழில். வீட்டைச் சுற்றிப் பதினாலு பூனைகள். எங்கள் மேப்பிலேயே பெரிய சிவப்புப் புள்ளி அவருடையதுதான்.

டீக்கடை சம்பவம் நடந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை காலையில், அவரிடமிருந்து போன்.

"முட்டைக்காரண்ணனுங்களா?"

"ஆமாங்க்கா..."

"என்ற பேர எதுலீங் போட்டு வெச்சீங்க?"

நான் சும்மா இருந்தேன். அவர் சும்மா இருக்கவில்லை.

"காலைல செட்டு ஓனரு வந்து போன நீட்டிப் படிக்கறாருங். 'சரஸ்வதி, மூணாம் நம்பர் ஊடு, பூனை பதினாலு'ன்னு! ரேசன் கார்டுலகூட என்ற பேரு அத்தன சுத்தமா இல்ல. ரெண்டு டிரைவருக இந்தச் செட்டுல வண்டி எடுக்க மாட்டோம்னு சாவியக் குடுத்துட்டுப் போயிட்டானுங்களாம். மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு பூனை போவோணும், இல்ல நீ போவோணும்ங்கறாரு."

"அவருக்குப் பூனை இருக்கறது..."

"நாலஞ்சு இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தாருங். எல்லாம் ஒரே கலரு. எண்ணவா போறாரு? பதினோரு வருசமா கமுக்கமா இருந்தனுங் நானு. உங்கள யாருங் மேப்பு போடச் சொன்னாங்க?"

அவர் போனை வைத்த பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பதினாலு பூனைகளை இத்தனை நாள் காப்பாற்றியது எது? அறக்கட்டளையா? டாக்டரா? யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் காப்பாற்றியது. நான் போய் அதை ஊருக்கே சொல்லிவிட்டேன் – பெயரோடு, வீட்டு நம்பரோடு, எண்ணிக்கையோடு. ஐம்பது வயதுக்கு மேல் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பதே பாடு. பதினாலு பூனையோடு எங்கே போவார்?

சுமதி கடைக்கு ஓடினேன். கேட்டதும் ஒரே நிமிடத்தில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார். எல்லாப் புள்ளிகளிலிருந்தும் பெயரையும் எடுத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அரை மணி நேரம் கழித்து அவரே சொன்னார் –

"டிரைவருக வாட்ஸ்அப் குரூப்புல மேப்பு போட்டோவா சுத்துதுங்ணா. மேப்புல இருந்து புள்ளிய எடுத்துட்டேன். அத்தன பேரு போன்ல இருந்து எப்படி எடுக்கறது?"

"இப்ப என்ன பண்றது?"

"நேர்ல போயி அந்த ஓனருகிட்டப் பேசுங்க."

"நீ வா அம்மிணி."

"நான் வந்தா சண்டையாயிரும். நீங்க போனா சண்டைக்கு வழியே இல்ல. வாயத் தொறந்தாத்தான?"

சனிக்கிழமை காலையில் போனேன். கையில் ஒரு டிரே முட்டை. வெறுங்கையோடு போனால் போனதும் பேச வேண்டியிருக்கும். ஒரு டிரேயைக் கொடுத்தால் அவர் பேசுவார், கொஞ்சம் நேரம் கிடைக்கும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'ஐயா, சரஸ்வதி அக்கா நல்லவங்க. தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கோணும்.' மூன்று வாக்கியம். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் மூன்றாவது முதலாவது ஆகிவிட்டது.

ஓனருக்கு அறுபது வயது இருக்கும். ஆறு லாரி. பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, நின்றுபோன இரண்டு வண்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க முட்டைக்காரரே, உக்காருங்க. நீங்கதானா அந்த மேப்பு?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கோணும்."

"நமக்குள்ள ஏதாச்சும் முன்விரோதமுங்களா?"

"இல்லீங்க."

"பின்ன என்ற செட்டு மேல எதுக்குங்க அத்தன பெரிய சிகப்பு?"

"எடுத்துட்டோமுங்க."

"எடுத்து என்ன பண்றது? போட்டோ இருக்குதே! பாருங்க, ரெண்டு வண்டி நிக்குது. நானா சகுனம் பாக்கறேன்? எனக்கு அதெல்லாம் கெடையாது. டிரைவர் பாக்கறான். அவன் நம்பறத நானும் நம்பித்தான் ஆவோணும். இல்லீன்னா ஆறு வண்டியையும் நானேதான் ஓட்டோணும்." என் பக்கம் திரும்பிக் கேட்டார், "உங்க முட்டை வண்டிக்கு முன்னால பூனை குறுக்க போவாதுங்களா?"

"தெனமும் போவுதுங்க. வண்டியப் பாத்துத்தான் ஓடியாருதுங்க."

"ஒண்ணும் ஆனதில்லையா?"

"முட்டை உடைஞ்சிருக்குதுங்க. அது ரோடு அப்படிங்க."

அவர் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்க வைக்க நான் அதைச் சொல்லவில்லை. அவர் சிரித்த சந்தடியில் முதல் வாக்கியத்தை எடுத்து விட்டேன் – "சரஸ்வதி அக்கா நல்லவங்க."

"அந்தம்மாவ நான் கெட்டதுன்னா சொன்னேன்? மோட்டார் போடறது, செட்டு வாசலக் கூட்டறது எல்லாம் சொல்லாமயே செய்யும். தங்கமான அம்மிணி. ஆனா வண்டி நிக்குதே?"

போனை எடுத்து அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதென்னங்க? அந்த லாரி பாடி கட்டற பட்டறைக்கு மட்டும் பச்சை குடுத்திருக்கீங்க? அவன் எப்படி வாங்குனான்?"

வாங்கினானா? எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. லாரி ஓனருக்குப் பச்சை என்றால் அது ஒரு பர்மிட். யாரோ கொடுப்பது, யாரோ வாங்குவது.

"அங்க பூனைக்கு ஆபரேசன் பண்ணியாச்சுங்க. பண்ணுனா பச்சை ஆயிருமுங்க."

"எஃப்.சி. மாதிரியா? வண்டிக்கு எஃப்.சி. ஆச்சுன்னா ஓட்டலாம். பூனைக்கு ஆபரேசன் ஆச்சுன்னா பச்சை. அதான?"

"அப்படியே வெச்சுக்கலாமுங்க."

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கண்ணைச் சுருக்கினார். "பச்சை ஆனாலும் பூனை அங்கயேதான இருக்கும்?"

"இருக்குமுங்க."

"அது டிரைவருக்குத் தெரியுமா?"

டீக்கடை ஞாபகம் வந்தது. "தெரியாதுங்க."

"அப்ப என்ன? இன்னைக்கே பச்சையப் போட்டு உடுங்க."

"ஆபரேசன் பண்ணாம போட முடியாதுங்க."

இதைச் சொன்னது நான்தான். ஒத்திகையில் இல்லாத வாக்கியம். சொன்ன பிறகு, வேறு யாராவது சொன்னார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

"அட! எஃப்.சி.யாட்டமே கறாரா இருக்குதே!" என்றார் ஓனர். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கறாராக இருப்பதுதான் உருப்படியான சமாச்சாரம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "எத்தன நாளாவும்?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமைங்க. பூனையப் பிடிக்கோணும்."

"யாரு பிடிக்கறது?"

"சரஸ்வதி அக்காதானுங்க. வேற ஆரு கைக்கும் வராதுங்க. அவங்க ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னா..."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவரே முடித்தார் – "பதினாலும் இங்கயே நிக்கும். சிகப்பாவே நிக்கும். பிடிக்கறதுக்கு ஆளும் இருக்காது."

சேரில் சாய்ந்துகொண்டு இரண்டு வண்டிகளையும் இன்னொரு தடவை பார்த்தார்.

"செரி. அந்தம்மா இங்கயே இருக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு மச்சினன் செட்டுல இருந்து வண்டி எடுத்துக்கறேன். பதினாலுக்கும் எஃப்.சி. முடிச்சுக் குடுத்துருங்க."

பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, செட்டுக்குப் பின்னால் மூன்றாம் நம்பர் வீட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"வயித்த அறுத்துப்போட்டு, அப்படியே எங்காச்சும் காட்டுல உட்டுட்டு வந்துருவீங்க. எனக்குத் தெரியாதா?" என்றார் சரஸ்வதி அக்கா. கண் கலங்கியிருந்தது. "பூனையும் போயி, பொறகு ஊடும் போவும்."

"இல்லீங்க்கா. பதினாலையும் கொண்டாந்து உங்க வாசல்லயே உடறனுங்க."

"யாரு? நீங்களா?"

"நானேதானுங்க."

அவர் என்னையே பார்த்தார். "ஒண்ணு கொறஞ்சாலும் செரி, தெனமும் உங்க முட்டை வண்டிக்குக் குறுக்க நான் வந்து நிப்பேன். பாத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. சரஸ்வதி அக்கா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாம் ஒரே கலர்தான், ஆனால் கூப்பிட்டதுதான் வந்தது. ஏழு பூனை, ஏழு கூண்டு. ஓனர் தன்னுடைய சின்ன லோடு வண்டியையே கொடுத்தார். பின்னால் ஆறு கூண்டுதான் பிடித்தது. ஏழாவது கூண்டை, முன்சீட்டில் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. யார் தெரியுமா? சகுனம் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன டிரைவர்களில் ஒருவர்தான்.

பூனை குறுக்கே போனால் ஆகாது. மடியில் உட்கார்ந்தால்? அதற்குப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லையாம். கேட்டுப் பார்த்தேன். ஆமாம், நானாகத்தான் கேட்டேன்!

அடுத்த ஞாயிறு மீதி ஏழு. ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாக எல்லாவற்றுக்கும் இடது காது நுனியில் லேசாக ஒரு வெட்டு. பதினாலையும் எண்ணி இறக்கினேன். அதில் ஒரு பெட்டைப் பூனை மட்டும் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. அந்த இரண்டு நாளும் சரஸ்வதி அக்கா என்னிடம் பேசவில்லை. நான் முட்டையை ஊற்றி வைப்பேன், அவர் அதை நகர்த்தி வைப்பார், பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாம் நாள் அது எழுந்து வந்து கொட்டாங்குச்சியை நக்கியது. சரஸ்வதி அக்கா உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

சுமதி புள்ளியை மறுபடி வைத்தார். பச்சையாக. பெயர் இல்லை, நம்பர் இல்லை. ஓனர் அதை அப்படியே போட்டோ எடுத்து, டிரைவர்கள் குரூப்பில் தன் கையாலேயே போட்டார். டிரைவர்கள் இந்தச் செட்டுக்கே திரும்பி வந்தார்கள்.

முதல் வண்டி கிளம்பியதை நான் கூடவே நின்று பார்த்தேன். சூடம் காட்டினார்கள். பழம் நசுங்கியது. வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும்... காது வெட்டுப்பட்ட பூனை ஒன்று, அவசரமே இல்லாமல், வலமிருந்து இடமாக நடந்து போனது.

டிரைவர் பிரேக் போட்டார். நான் செய்த பாவமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"மேப்பப் பாருடா!" என்றார் ஓனர், சேரில் இருந்தபடியே.

டிரைவர் போனை எடுத்துப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

"பச்சைதானுங்க," என்று சொல்லிவிட்டு, கியரைப் போட்டார்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எங்களுக்கே நம்ப முடியவில்லை. எட்டு மாதம் நோட்டீஸ் கொடுத்தும் கூட்டம் போட்டும் திரும்பிப் பார்க்காத ஊரில், போன் நிற்கவே இல்லை. லாரி செட்டு, பாடி பட்டறை, தீவன மில். "எங்களுக்கும் பச்சை வேணுமுங்க. பூனைய நாங்களே புடிச்சுட்டு வாரோம்." டாக்டர் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நிரம்பி வழிகின்றன.

"திடீர்னு எப்படி இத்தன பேருக்குப் பூனை மேல அக்கற வந்துச்சு?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

"விழிப்புணர்வுங்க டாக்டர்," என்றார் சுமதி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஓனர் கூப்பிட்டிருந்தார். தணிந்த குரலில் கேட்டார் – "சார், சிவப்புப் பொட்டு ஒண்ணு வெக்கணும்."

"உங்க எடத்துலங்களா?"

"எங்க எடத்துல எதுக்கு சார்? எதிர் செட்ல."

மூடநம்பிக்கையை வளர்த்துவிட்டோமா என்று சில நாள் யோசித்தேன். ஒழிக்கவில்லை என்பது நிச்சயம். அதற்கு ஒரு கலர் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். நல்ல காரியத்தை நல்ல காரணத்துக்காகத்தான் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால், அந்தப் பதினாலும் இந்நேரம் முப்பதாகியிருக்கும். சரஸ்வதி அக்கா தெருவில் இருந்திருப்பார். மனிதர்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, எந்த வழியாக வந்தீர்கள் என்று நான் கேட்பதில்லை.

ஆனால் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் ஒரு புள்ளி வைப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். உள்ளே கூப்பிடுகிறார்கள். உட்கார வைக்கிறார்கள். ஊட்ல எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறார்கள். நானும் பதிலுக்குக் கேட்கிறேன். பிறகுதான் பூனைக்கு வருகிறோம். ஒரு புள்ளிக்கு அரை மணி நேரம் ஆகிறது. சிலர் வேண்டாம் என்கிறார்கள். அந்த இடங்கள் மேப்பில் இல்லை. என் தலைக்குள் இருக்கின்றன. அங்கே எந்த வாட்ஸ்அப் குரூப்பும் வர முடியாது.

இந்தக் கட்டுரைக்கும் அப்படித்தான். எழுதும் முன் சரஸ்வதி அக்காவிடம் கேட்கப் போனேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"பேர மாத்திருங்க."

"செரிங்க்கா."

"செட்டு எந்தப் பக்கம் இருக்குதுன்னு போடாதீங்க."

"செரிங்க்கா."

"பூனை பதினாலுன்னே போடுங்க."

"பதினாலுதானுங்களே?"

மெஷின் நின்றது. கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது; அதன் விளிம்புக்கு மேல், நுனி வெட்டுப்படாத இரண்டு காதுகள். அதற்குள்ளிருந்து ஊசி மாதிரி ஒரு குட்டியின் சத்தம் வந்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்று.

சரஸ்வதி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினை மறுபடி மிதித்தார், ஒரு நைட்டிக்குத் தேவையே இல்லாத வேகத்தில்.

பதினாலு என்றே எழுதியிருக்கிறேன்.